கொதிக்கும், வேகாது

இந்த உயரத்தில் தண்ணீருக்கு அவசரம்.
சட்டென்று கொதித்துவிடும்,
ஆனால் எதையும் வேகவைக்காது.
குன்னூருக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வாரம்
துவரம்பருப்பு இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

குக்கர் ரப்பர் ஐப்பசி பிறந்ததும் அறுந்தது.
வாங்கணும் வாங்கணும் என்றே
இன்றைக்கும் அலுமினியச் சட்டி,
மேலே மூடி,
மூடிமேல் அம்மிக்குழவி.

யூனுஸ் கடையில் முழங்கால் கறி ஒரு கிலோ.
நரம்போடயே போடுங்க என்றேன்.
"அது லேசுல மசியாதும்மா."
மசிய வேண்டாம்.
நேற்றிலிருந்து மழை. மரம் விழும்,
லாசரைக் கூப்பிடுவார்கள்.
நேரம் தின்கிற கறிதான் எனக்கு வேண்டும்.

கறுப்புப் பை, அதன்மேல் துணிப்பை,
அதன்மேல் கொத்தமல்லிக் கட்டு.
வீட்டுக்காரர் போஜன் நல்ல மனிதர்,
"என்ன வேணா சமைங்க, சன்னல மட்டும் சாத்திட்டு" என்பவர்.
சாத்தினேன். கண்ணாடி வியர்த்தது.
ஜெரின் அதில் விரலால் ஒரு மாடு வரைந்து
கொம்பு வைத்து
நான் திரும்புவதற்குள் அழித்தான்.

தட்டிய இஞ்சி, தோலோடு பூண்டு,
அன்னாசிப்பூ இரண்டு, கேத்தி கேரட்,
கறி கறுக்கும் வரை சோயா சாஸ்.
எல்லாம் பேமா சொன்னது.
ஊட்டியில் ஒரு சீசன் முழுக்க
அவள் ஸ்வெட்டர் கடைக்கு அடுத்தது என் தொப்பிக் கடை.
மிளகாய்த்தூள் மட்டும் நான் சேர்த்தது.
அவள் ஒரு வாய் குடித்து, மூக்கைத் துடைத்து,
"இது உன் ஊர் சூப்" என்றாள்.

ஆறரைக்குக் கரண்டு போயிற்று.
வண்டிச்சோலை வளைவில் கற்பூரமரம் சாய்ந்து
மூன்று கம்பம் படுத்துவிட்டதாம்.
போனில் அவ்வளவுதான் வந்தது,
பிறகு போனும் இல்லை.

பெயர் லாசர்.
போன வருஷம் கட்டபெட்டில் கம்பத்திலிருந்து தூக்கி எறிந்தது.
தேயிலைச் செடிமேல் விழுந்தான், எழுந்தான்.
இரண்டாம் தடவை பற்றி
வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை.
தேடிப் பார்த்திருக்கிறேன்.

அவனுடைய பழைய நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு
பிசைந்து வைத்த மைதாவைத் தேய்த்தேன்.
பார்க்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம்.
கம்பத்து மேலே அவனுக்கும் இவ்வளவுதான் உலகம் போல,
ஒரு சாண்.
கத்தியால் கீற்றுக் கீற்றாக அரிந்தேன்.
ஒன்று தடி, ஒன்று மெலிசு,
ஒன்று என் கை நடுங்கின இடத்தில் கோணல்.

எட்டு மணிக்குக் கரண்டியால் குத்தினேன்,
விட்டுக்கொடுக்கவில்லை.
ஒன்பதுக்கு நரம்பு கண்ணாடியாகத் தொடங்கியது.
வற்ற வற்ற வெந்நீர் ஊற்றினேன்,
பச்சைத் தண்ணீர் பட்டால் கறி முறைத்துக்கொள்ளும்.
ஜெரின் வெந்துருச்சா என்றான்.
பிஸ்கட் கொடுத்தேன்.
மறுபடி வெந்துருச்சா என்றான்.

பத்தேகாலுக்கு பல்பு ஒருமுறை சிமிட்டி, செத்து,
பிறகு நின்று எரிந்தது.
தெரு முழுக்க ஓவென்றது.
போஜன் வீட்டு டிவி
விட்ட இடத்திலிருந்து சண்டை போட்டது.
எங்கள் வீட்டுக்கு இது தந்தி மாதிரி:
வேலை முடிந்தது.
யார் முடித்தது என்று
பல்பு சொல்லாது.

இன்னொரு அடுப்பில் தண்ணீர், உப்பு.
அவசரக்காரத் தண்ணீர், உடனே தயார்.
கையில் மாவு இழைகள்.
மூன்று நிமிஷ வேலை, முந்திப் போட்டால் கூழ்.
வழக்கமாக பைக் வரும். சைலன்சர் ஓட்டை,
சிம்ஸ் பார்க் தாண்டும்போதே தெரிந்துவிடும்.
இன்று ஜீப் வந்தது.

ஆபீஸ் ஜீப்
இரண்டு விதமான சேதிக்கும் வரும்.

கதவு திறந்தது. யாரோ என்னவோ பேசினார்கள்,
மழையில் பிடிபடவில்லை.
ஜெரின் கண்ணாடியை முழங்கையால் துடைத்தான்.
தண்ணீர் பாதியாகிவிட்டது.

பிறகு இருமல்.
வறட்டு இருமல், இரண்டு,
நடுவில் வழுக்கிய படிக்கு ஒரு திட்டு.

அத்தனையையும் உதறி உள்ளே போட்டேன்.

ஈரச் சட்டையோடு இங்கே வராதே,
இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது,
காலைக் கழுவு.